நேர்காணலில் ஒரு கேன் தோல் ஷாப் தண்ணி

எங்க பல்கலைக்கழகத்துல அட்டெண்டர் வேலைன்னா, நேர்காணல் அன்னிக்கு உள்ளே போறவங்களுக்குத் தைரியமும் வெளியே வர்றவங்களுக்குத் தண்ணியும் குடுக்கிறதுதான்.

நான் எட்டாவதோட நின்னவன். என் முன்னாடி உட்கார்ந்து நகம் கடிக்கிறவங்க எல்லாம் டாக்டர் பட்டம் வாங்கினவங்க. போஸ்ட் டாக்னு ஒரு வேலை. பட்டம் வாங்கின பிறகும் ஒரு வருஷ ஒப்பந்தத்துல ஆராய்ச்சி பண்ணணும். எந்த வாசல்லயாவது கை வேர்த்து உட்கார்ந்திருந்தா, நான் சொல்றது உங்களுக்குப் புரியும்.

தண்ணி கொண்டாந்த தம்பி

இந்தத் தடவை இருந்தது ஒரே ஒரு இடம். தோல் பதனிடுற இடத்தை எங்க பக்கம் தோல் ஷாப்னுதான் சொல்வோம்; அங்கேருந்து வர்ற கழிவுத் தண்ணியைச் சுத்தம் பண்ற ஆராய்ச்சி. சேலத்துக்காரர் ஒருத்தர் வந்திருந்தார். ஊர் ஊரா ஒப்பந்தத்துலயே ஓட்டி, தலை பாதி நரைச்சுப்போச்சு. ஜீன்ஸ் போட்டுக்கிட்டு அந்தப் பக்கம் போன பையனைக் கூப்பிட்டு, "தம்பி, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"ன்னார். நான் கண்ணைக் காட்டினேன், அவர் பார்க்கலை. பையனும் கொண்டாந்து குடுத்தான்.

பேர் கூப்பிட்டதும் உள்ளே போனவர் அப்படியே நின்னுட்டார். நடு நாற்காலியில அதே பையன்! எங்க புரொபசர். அவர் சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "உட்காருங்க சார். இன்னும் தண்ணி வேணும்னா சொல்லுங்க."

மூடி திறந்த கேன்

எங்க புரொபசருக்கு ஒரு பழக்கம். நேர்காணல் மேசை பக்கத்துலயே ஒரு கேன் தோல் ஷாப் தண்ணியை மூடி திறந்து வெச்சிடுவார். நாத்தம் தாங்கறவங்கதான் இந்த வேலைக்கு ஆவாங்கன்னு அவர் நெனப்பு. ஒரு பொண்ணு துப்பட்டாவால மூக்கைப் பொத்திக்கிச்சு. வடக்கேருந்து வந்த ஒரு தம்பி மட்டும் மோந்து பார்த்தே சுண்ணாம்பு, கந்தகம்னு பிரிச்சுப் பிரிச்சுச் சொல்லி நல்ல பேர் வாங்கினார்.

கடைசியா கலைச்செல்வி. பேரணாம்பட்டுப் பொண்ணு, எங்க துறையிலயே பட்டம் வாங்கினது. இது கிடைக்கலைன்னா ஆராய்ச்சியை விட்டுட்டு ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போன்னு வீட்டுல சொல்லிட்டாங்க. "இந்த நாத்தத்தைப் பத்தி என்ன சொல்றீங்க?"ன்னு புரொபசர் கேக்கறது கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டுச்சு. "எந்த நாத்தம் சார்?"னுச்சு பொண்ணு. கூட இருந்த வெளியூர் புரொபசர், "கவனமே இல்லை"ன்னு சலிச்சுக்கிட்டார்.

அழாத குறையா வெளியே வந்து, "அண்ணா, உள்ள நெஜமாவே நாறுதா?"ன்னு கேட்டுச்சு. நானும் அந்தப் பொண்ணு மாதிரியே தோல் ஷாப்புங்க நடுவுல, ஆம்பூர்ல பொறந்து வளர்ந்தவன். உள்ளே டீ குடுத்துட்டு வந்தவன்தான். வேற இன்னா சொல்றது? "எனக்கும் ஒண்ணும் தெரியலையேம்மா."

கண்ணாடி இறக்காத ஜீப்

வேலை வடக்குத் தம்பிக்குத்தான் போச்சு. முதல் வாரமே தண்ணி எடுக்கப் பேரணாம்பட்டு போனோம். கேன்ல இருந்தப்போ பிரிச்சுப் பிரிச்சுச் சொன்னவர், அதுவே குட்டையா தேங்கி நின்னதைப் பார்த்ததும் ஜீப்பை விட்டு இறங்கலை. கண்ணாடியைக்கூட இறக்கலை. நான்தான் மொண்டு வந்தேன். மறுநாளே ஊருக்கு டிக்கெட் எடுத்துட்டார்.

கலைச்செல்வி ஷூ கம்பெனிக்குக் கிளம்புற நேரத்துல புரொபசர் போன் போய்ச் சேர்ந்துச்சு. வேலையில சேர்ந்த அன்னிக்கு மத்தியானம் வராந்தாவுல, திறந்த கேன் பக்கத்துலயே டிபன் பாக்ஸைத் திறந்துச்சு. "சார், மீன் குழம்பு. வாங்க சாப்பிடலாம்"னு கூப்பிட்டுச்சு. கோயமுத்தூர்க்காரரான எங்க புரொபசர் கர்ச்சீப்பை மூக்குல வெச்சுக்கிட்டுச் சொன்னார்: "கேனை மூடிட்டாவது கூப்பிடும்மா!"

ஒப்பந்தம் ஒரு வருஷம்தாங்கறதால, வாசல்ல போட்ட நாற்காலிகளை நான் பரண்ல ஏத்தாம கதவோரமே சாத்தி வெச்சிருக்கேன்.