பிச்சைக்காரர்கள் படத்துக்குத் தமிழ் எழுதிய கதை

வெளிநாட்டுப் படங்களுக்குத் திரையின் அடியில் ஓடும் தமிழ் வசன வரி எழுதும் தொழிலில், சரியாக எழுதினால் நம்மை யாரும் நினைப்பதில்லை. ஒரு சொல் பிசகினால் மட்டும் பெயர் கேட்டு விசாரிப்பார்கள். இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு நான் படும் பாடு புரியும்.

ஈப்போவில் உள்ள ஒரு திரைப்பட வட்டம் இந்த வருடம் ஒரு பழைய ஸ்பானியப் படத்தை அனுப்பியது. கன்னியாஸ்திரி ஆகவிருந்த ஒரு பெண், தெருவில் கிடப்பவர்களைக் கூட்டி வந்து சோறு போடுகிறாள். அவள் வெளியே போன நேரம் பார்த்து அவர்கள் வீட்டையே துவம்சம் செய்கிறார்கள். மதத்தைக் கிண்டல் செய்கிறது என்று அந்தக் காலத்தில் தடை செய்த படம். யார் எப்போது புகார் கொடுப்பார்களோ என்று, வேலையை ஒப்புக்கொண்ட நாளிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

ஒரே ஒரு சொல்

'பிச்சைக்காரர்கள்' என்று அடித்தேன். அழித்தேன். 'ஏழைகள்' என்று போட்டால் மேடைப் பேச்சு மாதிரி இருந்தது. 'இல்லாதவர்கள்' என்றால் திரையில் ஆளே இல்லை என்று நினைப்பார்கள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு காதர் அண்ணன் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். வாசலில் கை நீட்டி வருகிறவர்களுக்குத் தினமும் ரொட்டி கொடுப்பவர் அவர்.

"அவுங்கள நீங்க என்னன்னு கூப்பிடுவீங்க அண்ணே?" என்று கேட்டேன். தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே சொன்னார்: "வர்றவருக்குப் பேரு இருக்குல்ல, கேட்டுக் கூப்பிடுவேன்லா."

மண்டபம்

கடைசியில் 'பிச்சைக்காரர்கள்' என்றே எழுதி முடித்தேன். திரையிட ஒரு கோயில் மண்டபம் கிடைப்பதாக இருந்தது. நிர்வாகத்தில் ஒருவர் முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்றார். போட்டுக் காட்டினேன். விருந்து மேசையில் பிச்சைக்காரர்கள், ஏசுவின் கடைசி இராவுணவு ஓவியத்தில் இருப்பது போலவே வரிசையாக உட்காரும் காட்சி வந்ததும் நான் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் அசையாமல் முழுப் படத்தையும் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நம்ம சாமிய ஒண்ணும் சொல்லல, அது பரவால்ல. அன்னதானத்தத் தொட்டுட்டானே, அதான் சுசா, கஷ்டம்."

ஃபிலோமினா

என் வரிகளைச் சரிபார்ப்பவள் ஃபிலோமினா. ஞாயிறு பூசை தவறாதவள். வசன வரிக் கோப்பை அனுப்பிவிட்டு மூன்று நாள் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோழியை இழந்துவிட்டேன் என்றே முடிவு செய்திருந்தேன். நாலாம் நாள் குரல் பதிவு வந்தது: "சாப்பாட்டு சீன்ல வரி கொஞ்சம் லேட்டா வருது, பாரு. மத்தபடி எங்க சர்ச் பங்குல ஏழைங்களுக்கு உதவுற கமிட்டி கூட்டம் இப்படித்தான் முடியும்."

சரோஜாக்கா

மண்டபம் கிடைக்காமல் போனதால் காதர் அண்ணன் கடை மாடியில், ஒரு ஞாயிறு மத்தியானம் திரையிட்டோம். கடைசி வரிசையில் சரோஜாக்கா இருந்தார். சித்தியவான் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் கைமாறி லயத்து வீட்டைக் காலி செய்த பிறகு, ஜெலாப்பாங் தொழிற்சாலை ஒன்றில் துப்புரவு வேலை. நடுவில் வேலையில்லாமல் இருந்த சமயம், எங்கள் தொண்டுக் குழுவோடு போய் அவருக்கு அரிசி மூட்டை கொடுத்தவள் நான். அப்படித்தான் பழக்கம். நான்தான் படத்துக்கு அழைத்திருந்தேன்.

பிச்சைக்காரர்கள் மேசை விரிப்பை இழுத்துக் கிழித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு நான் திரையைப் பார்க்கவில்லை. படம் முடிந்ததும் பக்கத்தில் போய், "இல்லாதவங்கள இவ்ளோ மோசமா காட்டிட்டான்னு கோவமாக்கா?" என்று கேட்டேன்.

அவர் குரலில் கோபமே இல்லை. "ஒடச்சது தப்புதான்மா. ஆனா அந்தப் பொண்ணு அவுங்கள ஜெபம் பண்ண வச்சுச்சில்ல, அப்ப அவுங்க மூஞ்சியப் பாத்தேன். நீங்க அன்னிக்கு மூட்டையக் கொடுத்தீங்க, நான் சிரிக்கலன்னு திரும்ப வாங்கி, போட்டோவுக்கு இன்னொரு தடவ கொடுத்தீங்க. எம்மூஞ்சியும் அப்படித்தான் இருந்திருக்கும்."

எனக்கு அது நினைவிலேயே இல்லை. வீட்டுக்குப் போனதும் குழுவின் ஃபேஸ்புக் பக்கத்தில் தேடினேன்; அந்தப் போட்டோ இருந்தது. எடுத்துவிடச் சொல்லித் தலைவருக்கு எழுதினேன். "ஏன்மா, நல்லாத்தான சிரிச்சிருக்காங்க?" என்று பதில் வந்தது.

எத்தனையோ பேர் பேச்சை இரண்டே வரியில் அடக்கிப் பழகிய நான் ஒரு மணி நேரம் அடித்து அடித்து அழித்து அனுப்பிய பதிலுக்கு அவர் கட்டைவிரல் குறி ஒன்றை அனுப்பினார், அந்தப் போட்டோ இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.