தொடையிலிருந்து வந்த தோல்

வெளியே சொல்வதற்கு ஹெர்னியா என்று வைத்துக்கொண்டோம். எங்கள் உறவில் ஆண்களுக்கு இடுப்புக்குக் கீழே அந்த ஒரு நோய்க்குத்தான் அனுமதி. பலன், பொம்மனஹள்ளியிலிருந்து பார்க்க வந்த மைத்துனர் தன் ஹெர்னியா அனுபவத்தைப் படுக்கையருகே உட்கார்ந்து விவரித்தார். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.

உண்மையில் அது விதைப்பையின் தோலில் வரும் அபூர்வமான புற்றுநோய். படர்தாமரை என்று வெகுகாலம் களிம்பு பூசிய இடம். தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்தவனுக்கு, விதிகளைப் படித்துவிட்டால் பயம் போய்விடும் என்றொரு மூடநம்பிக்கை உண்டு. படித்தேன். வெட்டிய இடத்தை மூட, உள்தொடையின் தோலையும் சதையையும் ரத்தக்குழாய், நரம்போடு திருப்பிக் கொண்டுவந்து தைப்பார்கள் என்பதை அறுவை மருத்துவருக்கே விளக்கினேன். பொறுமைசாலி. “மிச்சத்தை நான் பார்த்துக்கறேன் சார்” என்றார்.

வெட்டிய ஓரங்களில் நோய் மிச்சமில்லை என்று அறிக்கை வந்தது. மனைவி விவேக் நகர் தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றி, பிள்ளையாருக்கும் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். ஆனால் கட்டு மாற்றும்போதெல்லாம் நான் அவளை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தேன். அவளிடம் மறைக்க என் உடம்பில் அதுவரை எதுவும் இருந்ததில்லை. அவள் முகம் சுளித்தால் என்ன செய்வது என்று நான் படித்த எதிலும் இல்லை.

வீட்டுக்கு வந்தபின், கட்டு மாற்ற வரும் நர்ஸ் ஒரு நாள் மழையில் எங்கோ மாட்டிக்கொண்டார். மனைவி கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

“கட்டு நனைஞ்சிருக்குங்க. வேட்டியை விலக்குங்க.”

பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்படி வைத்துக்கொள்ள அவள் படும் பாடு மட்டும் தெரிந்தது. பஞ்சை நனைத்து மெதுவாகத் துடைத்தாள். வலிக்கிறதா என்றாள். இல்லை என்றேன்.

“நான் தொடறதாவது தெரியுதா?”

தெரிந்தது. அவள் விரல் இருக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். தொடுவது மட்டும் தொடையில் நடந்தது. நரம்பு பழைய இடத்தையே சொல்லும் என்று இதையும் படித்திருந்தேன். படித்தபோது சுவாரசியமாக இருந்தது.

“தொடையில தெரியுது.”

அவள் கை நின்றது. பிறகு தலை நிமிராமல் புதுக் கட்டைப் போட்டு, வேட்டியை இழுத்து மூடினாள். கட்டில் ஓரத்தில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். தோள்கள் குலுங்கின. வெளியே போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.