திடலில் இறங்கிய முனியாண்டி

சுங்கை சிப்புட் பக்கம் அப்பாவு உறுமியைத் தோளில் மாட்டினால் போகிறவன் நின்று கேட்டுவிட்டுத்தான் போவான். திருவிழாவுக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி, பந்து விளையாட்டுக்கு ஓர் அடி என்று எல்லாம் அவன் கையில் இருந்தன. ஒன்றை மட்டும் கோயில் வாசலுக்கு வெளியே அடிக்கக் கூடாது. அது முனியாண்டியை இறக்கும் அழைப்பு அடி. அவன் இருந்த கம்பிச்சடக்கு ரப்பர்த் தோட்டத்தில் அதை மீறியவர் இல்லை.

ஆண்டுதோறும் அந்த அடிக்குச் சாமி வந்து ஆடுகிறவன் பத்துமலை, அப்பாவுவின் மனைவி மங்களத்துக்குத் தம்பி. காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவான், பொழுது சாய்ந்தால் பந்து. அவன் காலில் ஒட்டிய பந்தைப் பிடுங்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

1976, மெர்டேக்கா நாள், மலேசியச் சுதந்திர தினம். தோட்டங்களுக்கிடையிலான இறுதி ஆட்டம். பேராக் மாநிலக் குழுவுக்கு ஆள் பொறுக்க ஈப்போவிலிருந்து ஒருவர் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“மச்சான், இன்னிக்கு உன் அடியில நான் பறக்கணும் லா,” என்றான் பத்துமலை.

“மொதல்ல சிலுவார் நாடாவ இறுக்கிக் கட்டு. பறக்கறப்ப அவுந்துடப் போவுது.”

பிற்பாதியில் ஆளுக்கொரு கோல். தோட்டத்துச் சனம் தகர டின்னும் விசிலுமாகக் கூத்தடித்தது. “வுடாத அண்ணே, ஏத்தி அடி!” என்று கத்தினார்கள். அப்பாவு ஏற்றினான். வெறி ஏற ஏற, கை தனக்குப் பழகிய உச்சத்தைத் தேடிக்கொண்டு போனது. அந்த இரைச்சலில் என்ன அடி விழுகிறது என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. பத்துமலையின் காலுக்குப் பிடிபட்டது.

எல்லோரையும் தாண்டிப்போய் கோல்கீப்பர் எதிரில் நின்றவன் அப்படியே நின்றுவிட்டான். கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. நாக்கைக் கடித்துக்கொண்டு நுனிக்காலில் ஆடத் தொடங்கினான். பந்து தானாக உருண்டு கோல்கீப்பரின் கைக்குப் போனது. பெண்கள் குலவையிட்டார்கள். ஒருத்தி எலுமிச்சம்பழத்தோடு ஓடினாள். அப்போதுதான் அப்பாவுவுக்குத் தன் கை அடிக்கும் அழைப்பு அடி காதில் கேட்டது. குச்சியைத் தோலிலிருந்து எடுத்தான். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தோட்டம் ஒரு கோலில் தோற்றது.

ஆனாலும் ஈப்போக்காரர் பத்துமலையை விட்டுவிடவில்லை. “வர்ற ஞாயித்துக்கிழமை ஈப்போ திடலுக்கு வரச் சொல்லுங்க. காலு நல்ல காலு,” என்று சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினார்.

பத்துமலை மறுத்துவிட்டான். “கோலுக்கு முன்னால வந்து மறிச்சிட்டாரு முனியாண்டி. அதுக்கு மேல நான் கால வெச்சா வெளங்குமா?”

சாமி தானாக வரவில்லை, கூப்பிட்டவன் நான். இந்த ஒரு வார்த்தை அந்த வாரம் முழுக்க அப்பாவுவின் தொண்டையில் கிடந்தது. சொன்னால் மேளத்தலைவர் பழனியப்பன் உறுமியைப் பிடுங்கிக்கொள்வார். கோயில் அடியைப் பந்துக்கு அடித்தவன் என்று சனம் காறித்துப்பும். நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று இருந்தான். ஞாயிறன்று ஈப்போ பஸ் தோட்ட முனையில் நின்று, ஏறுவார் இல்லாமல் போனது. அப்பாவு வேலியருகே நின்று அது வளைவில் மறைகிறவரை பார்த்தான்.

பத்துமலை அதன்பின் பந்தைத் தொடவில்லை. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது லாரி ஓட்டப் போனான். அப்பாவு மங்களத்தோடு ஈப்போவுக்குக் குடிவந்தான்.

1984இல் ஒரு மெர்டேக்கா நாள் பகலில், சாப்பிட வந்திருந்த பத்துமலையிடம் அப்பாவு எல்லாவற்றையும் சொன்னான். தொலைக்காட்சியில் அணிவகுப்பு வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. பத்துமலை எழுந்து அதை அணைத்தான்.

“இத ஏன் மச்சான் இப்ப சொல்ற?”

“மனசு கேக்கல.”

“உன் மனசுக்காவ சொல்றியா? சாமி வேணாம்னுச்சின்னு நெனச்சிதான் நான் ஆறிக் கெடந்தேன். சாமிய கோவிச்சிக்க முடியாது. உன்னய முடியுமே.”

பத்துமலை பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழுந்து கை கழுவினான்.

“அக்கா, வாரேன்,” என்று அடுப்படியைப் பார்த்து மட்டும் சொன்னான். வாசலில் லாரி உறுமிக் கிளம்பியது.

மங்களம் குழம்புச் சட்டியோடு வெளியே வந்தாள். “என்னாங்க, பாதி சோத்துல போறான்?”