நீதிபதி செய்யாத தவறு

ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், தாம் ஒருபோதும் செய்யாத தவறு ஒன்றைச் செய்ததாக ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார். அந்த ஒப்புதலை அவருக்காக எழுதிக் கொடுத்தவன் நான். வெட்கப்பட வேண்டிய விஷயம் அதுகூட அல்ல. அதற்குப் பிறகு மூன்று நாள், இவ்வளவு நன்றாக எழுதுகிறோமே என்று பூரித்துப்போய்த் திருவனந்தபுரத்துத் தெருக்களில் நடந்துகொண்டிருந்தேன். அதைத்தான் இந்த வயதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எல்லாம் படிப்பினால் வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் பி.ஏ. சேர்ந்தபோது எங்கள் கல்லூரியில் இங்கிலீஷ் பாடத்தோடு ஒரு புதுப் பிரிவைச் சோதனையாகத் தொடங்கியிருந்தார்கள். ‘தொழில்களுக்கான எழுத்து’ என்று பெயர். சீமைக்குப் போய்த் திரும்பியிருந்த ஒரு பேராசிரியரின் யோசனை அது. நம் பட்டதாரிக்கு வசந்த காலத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுத வரும். வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று முனிசிபாலிட்டிக்கு எழுதச் சொன்னால் அதிலும் வசந்த காலம்தான் வரும், தண்ணீர் வராது என்பது அவர் கட்சி. ஆகவே கடிதம், அறிவிப்பு, அறிக்கை, விண்ணப்பம், சான்றிதழ் என்று இரண்டு வருஷப் படிப்பு. ஆறு பேர் சேர்ந்தோம். மற்ற மாணவர்கள் எங்களை ‘அர்ஜி கிளாஸ்’ என்றார்கள். அந்த ஊரில் அர்ஜி என்றால் மனு.

ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கராக இருந்த அப்பாவுக்கும் இது விளங்கவில்லை.

“அர்ஜி எழுததுக்கு பி.ஏ. எதுக்குடே? கோர்ட்டு வாசல்ல கொடைய விரிச்சு வச்சுக்கிட்டு இருக்கானே, அவன் ஆறாங்கிளாசுதாம்டே.”

“அவன் எழுதது எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்பா.”

“ஒரே மாதிரி இருந்தாத்தான் ஆபீசுல உள்ளவனுக்கு அடையாளம் தெரியும். நீ வேற மாதிரி எழுதிட்டு என்ன செய்யப் போற?”

எங்களுக்கு வந்த எந்தப் பரீட்சைத் தாளிலும் இதைவிட நல்ல கேள்வி இருந்ததில்லை. அப்போது அது எனக்குத் தெரியவில்லை.

பேராசிரியருக்கு ஒரே ஒரு விதி. யாரையும் நல்லவன் என்று எழுதாதே, அவன் என்ன செய்தான் என்று எழுது. நல்லவன் என்ற முடிவுக்குப் படிக்கிறவன் தானே வரட்டும். இது என்னை விஷக் காய்ச்சல் மாதிரிப் பிடித்துக்கொண்டது. குழம்பு எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டால், நன்றாக இருக்கிறது என்று சொல்வதை விட்டுவிட்டு, “ரெண்டாவது தடவ வாங்கினேன்லா” என்று சான்று காட்டினேன். அம்மா உடனே குழம்பை ருசி பார்த்து உப்புப் போட்டாள்.

காகிதத்தில் எழுதுவது வெளியே போய் என்ன செய்கிறது என்று பார்ப்பதில் எனக்கு ஒரு பைத்தியமே இருந்தது. கடைத்தெருவில் யாராவது கையில் மனுவோடு போனால் பின்னாலேயே தாலுக்கா கச்சேரிவரை, அதாவது சர்க்கார் ஆபீஸ்வரை, போவேன். உள்ளே வாங்கி வைக்கிறவன் முகத்தைப் பார்ப்பேன். எந்த வரியில் அவன் புருவம் தூக்குகிறான் என்று தெரிந்துகொள்ள ஆசை. ஒருவனும் தூக்கியதில்லை. எழுதியவர்கள் அர்ஜி கிளாஸில் படிக்காததுதான் காரணம் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்த ஆறு பேரில் கோட்டைக்குள் அக்கிரகாரத்திலிருந்து வந்தவன் ஒருவன் எனக்கு நெருங்கிய சிநேகிதன். அவன் அப்பாவுக்குக் கோயில் மடைப்பள்ளியில் வேலை. அவன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். என் கையெழுத்தை மறுநாள் நானே படிக்க முடியாது. அதனால் நான் எழுதியதை அவன் பிரதி எடுத்துத் தருவான்.

ஒரு தடவை ஏதாவது ஒரு சந்தையைப் பற்றி அறிக்கை எழுதி வரச் சொன்னார்கள். என் வீட்டு வாசலிலேயே சாலைக் கடைத்தெரு இருந்தது. பார்த்ததை எழுதுவதில் என்ன சாமர்த்தியம் என்று நான் பொன்முடி அடிவாரத்து வித்துராச் சந்தையை எடுத்துக்கொண்டேன். பத்து மணிவரை விலகாத மூடுபனி, மிளகு மூட்டைமேல் தூங்கும் மலைக்காரர், ஒரு கோவேறு கழுதை. சிநேகிதன் ஒரு பக்கம் பிரதி எடுத்தான். இரண்டாம் பக்கத்தில் பேனாவை மூடி வைத்தான்.

“என்னடே?”

“நீ வித்துரா போனதே இல்லையேடா.”

“அதுக்கென்ன? நல்லா இல்லையா?”

“ரொம்ப நன்னா இருக்கு. அதான் கை போகமாட்டேங்கறது.”

கடைசியில் என் கையெழுத்திலேயே கொடுத்தேன். பேராசிரியரால் படிக்க முடியவில்லை. அதனால் தப்பித்தேன்.

படிப்பு முடிகிற சமயத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் ஒரு வேலை காலி என்று தெரிந்தது. தெற்குத் தாலுக்காக்களிலிருந்து வரும் தமிழ் மனுக்களை மலையாளத்தில் ஆக்கித் தரும் குமாஸ்தா வேலை. சிநேகிதன் அதையே நம்பியிருந்தான். கிடைக்காவிட்டால் கொல்லத்தில் மாமாவின் காப்பி கிளப்புக்குப் போய்விட வேண்டும் என்று அவன் அப்பா சொல்லிவிட்டார். அடுப்புப் புகையிலிருந்து தப்பிக்கத்தான் அவன் பி.ஏ. படித்ததே.

விண்ணப்பத்தோடு பெரிய மனிதர்களின் நன்னடத்தைச் சான்றிதழ் இரண்டு வைக்க வேண்டும். அந்தக் காலத்து வழக்கம் இது: சான்றிதழை வேலை கேட்கிறவனே எழுதிக்கொண்டு போவான், பெரிய மனிதர் கையெழுத்துப் போடுவார். ஒன்று கல்லூரியில் கிடைத்துவிட்டது. இன்னொன்றுக்கு, அப்பா வேலை பார்த்த கடையில் சாமான் வாங்கும் ஓய்வு பெற்ற நீதிபதி இருந்தார். எண்ணெய் ஸ்நானத்துக்கும் பத்திரிகைக்கும் நடுவே தினமும் நாலைந்து பேருக்குக் கையெழுத்துப் போடுவார். ஒரு நாள் அப்பாவோடு போனபோது கவனித்தேன். தம் பெயருக்குப் பின்னால் பட்டங்கள் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தார். மனசுக்குள் எண்ணினேன், ஏழு எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது.

சிநேகிதன் தனக்காக ஒன்று எழுதி வைத்திருந்தான். உழைப்பாளி, பணிவுள்ளவன், நல்ல குடும்பத்தில் பிறந்தவன். என்னால் சகிக்க முடியவில்லை. அவன் அப்போது காய்ச்சலில் படுத்திருந்தான். எழுதுவது, டைப் அடிப்பது, கையெழுத்து வாங்குவது, ஆபீசில் சேர்ப்பது எல்லாம் என் பொறுப்பு என்றேன். போர்வைக்குள்ளிருந்து சரி என்றான்.

அவன் நேர்மைக்குச் சான்று என்னிடம் இருந்தது: வித்துரா. ஆனால் சான்று சொல்கிறவர் நேரில் பார்த்திருக்க வேண்டும் அல்லவா? அதனால் சம்பவத்தை என்னிடமிருந்து எடுத்து நீதிபதிக்குக் கொடுத்துவிட்டேன். இங்கிலீஷில் நான் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘ஒருமுறை என் கடிதம் ஒன்றைப் பிரதி எடுக்கையில் இந்த இளைஞர் பேனாவை மூடி வைத்தார். அக்கடிதத்தில் உண்மைக்கு மாறான ஒரு செய்தி இருந்தது. நான் அதைத் திருத்திய பிறகே மேலே எழுதினார். அன்று எனக்குக் கோபம் வந்தது. இன்று அவரைச் சிபாரிசு செய்கிறேன்.’

அந்தக் கோபத்தைப் பற்றி எனக்கு மிகுந்த பெருமை. நீதிபதி ஐந்து எண்ணுவதற்குள் கையெழுத்துப் போட்டார்.

ஆபீசில் சேர்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். மூன்றாம் நாள், கார்பன் நகலைப் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு தடவை படித்தார்.

“இது நடந்ததா?”

“நடந்தது சார். வேறொருவரிடம்.”

“யாரிடம்?”

“என்னிடம்.”

“அப்படியானால் கையெழுத்து நீ போட்டிருக்க வேண்டும்.”

“என் கையெழுத்துக்கு மதிப்பு இல்லையே, சார்.”

“அதுவாவது தெரிந்திருக்கிறதே” என்றார். பிறகு, சிநேகிதனையும் அழைத்துக்கொண்டு இன்றைக்கே நீதிபதியிடம் போய்ச் சொல்லிவிடு என்றார். வழியில் நானே யோசித்துப் பார்த்தேன். ‘உழைப்பாளி, பணிவுள்ளவன்’ என்று ஊரெல்லாம் எழுதுகிறார்கள். ஒருவரும் நம்புவதில்லை, அதனால் ஒருவரும் ஏமாறுவதில்லை. நான் எழுதியதை நம்பிவிடுவார்கள். நன்றாக எழுதியதனாலேயே அது பொய்யாகிவிட்டது. இந்த விசித்திரம் என்னை வெகு நேரம் பிடித்து வைத்துக்கொண்டது. போகிற காரியத்தின் பயத்தைக்கூட மறந்திருந்தேன்.

காய்ச்சல் விட்டு எழுந்திருந்த சிநேகிதன் விஷயத்தைக் கேட்டுக் கத்தவில்லை. நகலை வாங்கிப் படித்தபடியே கூட நடந்தான். பாதி வழியில் கேட்டான்: “‘திருத்திய பிறகே’ன்னு போட்டிருக்கியே, என்னத்தைத் திருத்தினார்னு அவா கேட்டா நான் என்னடா சொல்றது?”

நகலை அவனிடமிருந்து வாங்கி அந்த வரியைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

நீதிபதி நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டார். அவர் முகம் மெல்ல மெல்ல நீதிமன்றத்து முகமானது. “ஞான் தெற்று செய்தேன் என்று ஞானே ஒப்பிட்டுக் கொடுத்திருக்கேன், இல்லே?” என்றார். தெற்று என்றால் தவறு, ஒப்பு என்றால் கையெழுத்து. நான் தலையை ஆட்டினேன். அந்த வேளையில் தலையை எந்தப் பக்கம் ஆட்டினாலும் தப்புத்தான்.

காகிதமும் பேனாவும் வந்தன. என் கையெழுத்தைப் பற்றி நான் எச்சரித்தேன். அதனால் சிநேகிதனை உட்கார வைத்து, சான்றிதழை ரத்து செய்து ஆபீஸ் தலைவருக்கு ஒரு கடிதம் சொல்லத் தொடங்கினார். தன் வேலைக்குத் தானே உலை வைக்கும் கடிதத்தை அவன் அச்சுப் போன்ற கையெழுத்தில் எழுதிக்கொண்டு வந்தான். நான் சுவரைப் பார்த்தேன். நீதிபதி இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனார்: என்னிடம் கொண்டுவரப்படும் எந்தச் சான்றிதழையும் கவனமாகப் படித்த பிறகே கையெழுத்திடுவது என் வழக்கம், இருப்பினும்...

பேனா நின்றது. அவன் அதை மூடி மேஜைமேல் வைத்தான்.

“எந்தாடோ நிறுத்தினே? எழுது.”

“சார், அந்த வரி...”

“அந்த வரிக்கு எந்தா?”

“படிச்சுட்டுப் போட்டதா எழுதணுமா, சார்?”

நீதிபதியின் காது மடல் சிவந்தது. அவன் முகத்தில் வீரம் ஒன்றும் இல்லை. கை போகமாட்டேன் என்றது, அவ்வளவுதான். வித்துரா அறிக்கையைப் பிரதி எடுத்த அன்று பார்த்த அதே முகம்.

நீதிபதி கையை நீட்டினார். கார்பன் நகலைக் கொடுத்தேன். முதல் தடவையாக அதைப் படித்தார், மெதுவாக, ஒவ்வொரு வரியாக. நான் எண்ணினேன், நூறைத் தாண்டியது. ‘அன்று எனக்குக் கோபம் வந்தது’ என்ற இடத்தில் புருவம் தூக்கினார். என் வாழ்க்கையில் நான் எழுதிய வரிக்கு ஒருவர் புருவம் தூக்கி அப்போதுதான் பார்த்தேன். வெட்கத்தைவிட, சொன்னால் நம்பமாட்டீர்கள், சந்தோஷம்தான் முந்திக்கொண்டு வந்தது.

“இப்போ இது நேராயி” என்றார். நேர் என்றால் அவர்கள் பாஷையில் உண்மை. பாதிக் கடிதத்தை மேஜையிலிருந்து எடுத்து நாலாக மடித்துத் தம் ஜிப்பாப் பையில் வைத்துக்கொண்டு, “போய்க்கோ ரெண்டு பேரும்” என்றார்.

அந்த வாரத்திலிருந்து அவர் எல்லாச் சான்றிதழ்களையும் படித்துப் பார்த்தே கையெழுத்துப் போடுவதாக அப்பா வந்து சொன்னார். இரண்டு மாதத்தில் அவர் வீட்டுக்கு யாருமே போகவில்லையாம்.

கடிதம் எதுவும் ஆபீசுக்குப் போகவில்லை. சிநேகிதனைப் பரீட்சைக்கு அழைத்தார்கள், வேலையும் கிடைத்தது. கொல்லத்து மாமா வேறு ஆள் பார்த்துக்கொண்டார். எனக்கு ஒன்றில்மட்டும் சந்தேகமே இல்லை. இத்தனை விண்ணப்பங்களுக்கு நடுவில் அந்த ஒரு காகிதத்தைப் படித்து யாரோ நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். எந்த வரியில் நிமிர்ந்தார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆரியசாலைக் கடைக்கு வந்தபோது கேட்டேன்.

“அந்தச் சர்டிபிகேட்டப் பத்தி அங்க என்னடே பேசிக்கிட்டாவ?”

“ஒருத்தரும் பேசலை. என் ஃபைலை எடுத்துப் பாத்தேன். ‘சர்டிபிகேட் ரெண்டு உண்டு’ன்னு மேலே பென்சில்ல எழுதியிருக்கா. நீ ஓரமே விடாம டைப் அடிச்சிருக்கே. நாடா கோக்கத் துளை போட்டதுல உன் கோபம் போயிடுத்து.”

“பின்ன உன்ன எப்படிடே எடுத்தாவ?”

அவன் மல்லி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டான்.

“பரீட்சை அன்னிக்கு நாகர்கோவில் பஸ் பாலராமபுரத்துல நின்னுடுத்துடா. மத்தவா எல்லாரும் அதுலதான் வந்துண்டிருந்தா.”