கட்டுரைத் தாளின் பின்பக்கம்

இன்று மினிபஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் கேட்டார்: "சேர், நீங்கள்தானே அந்த நாவல் எழுதினது?"

தொண்ணூறாம் ஆண்டில் எழுதி, அச்சிடப் பயந்து, எழுபத்தாறு வயதில் வெளியிட்ட முதல் நாவல். குறை சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"கடதாசி கிடைக்காமல் பிள்ளையளின்ரை கட்டுரைத் தாளுகளின்ரை பின்பக்கத்திலை எழுதினதெண்டு முன்னுரையிலை கிடக்கு. எங்கடை அண்ணையின்ரை தாளும் அதிலை இருக்கோ?"

பெயரைச் சொன்னார். அந்த ஆண்டே செல் குண்டு விழுந்து இறந்த என் மாணவன்.

"ஓம், இருக்கு பிள்ளை."

"இடம்பெயரேக்கை எல்லாம் போட்டுது. அவற்ரை ஒரு படம்கூட இல்லை, சேர்."

வீட்டுக்குக் கூட்டிவந்தேன். நாவல் எழுதிய தாள்கள் எல்லாவற்றையும் அத்தியாய வரிசையில் கட்டி வைத்திருக்கிறேன். ஒன்பதாம் அத்தியாயத்தின் முதல் தாளை உருவிக் கொடுத்தேன்.

'இருபது வருடத்தின் பின் நான்' என்பது கட்டுரையின் தலைப்பு. தெல்லிப்பழைத் தபாற்கந்தோரில் வேலை செய்வானாம், தங்கச்சிக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுப்பானாம். கீழே என் சிவப்பு மை: 'நாற்பது. கற்பனை போதாது.'

"என்ன சேர், நாற்பதுதானோ போட்டனியள்?" அழுதுகொண்டே சிரித்தார். நான் எழுதிய பக்கத்தை அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வகுப்பின் மற்றத் தாள்களும் என்னிடம் உள்ளன. உரியவர்கள் கேளுங்கள், தருகிறேன். புள்ளியைக் குறித்துமட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.