குதிரை கட்டிய புளியும் என் பால்மாப் பேணியும்

1986இல், நான் இளம் ஆசிரியையாக இருந்தபோது, வட்டுக்கோட்டைப் பக்கம், முற்காலத்து ராசா ஒருவர் குதிரை கட்டியதாக ஊரார் சொல்லும் புளியமரத்தின் பொந்துக்குள் ஒரு பால்மாத் தகரப் பேணியை ஒளித்து வைத்தேன். உள்ளே ஒரு எழுதும் கொப்பியும், ரப்பர் செருப்பில் நானே செதுக்கிய குதிரை முத்திரையும் இருந்தன. என் வகுப்புப் பிள்ளைகள் நான் கொடுக்கும் குறிப்புகளைத் தொடர்ந்து தேடிவந்து, கொப்பியில் பெயரெழுதி, முத்திரை குத்திக்கொண்டு போகவேண்டும். குண்டுக்குப் பயந்து வாழும் ஊரில் மூடிய பேணியை மரத்தில் ஒளித்த அறிவு என்னுடையது!

மறுநாள் காலை மரத்திலிருந்து தள்ளியே ஊர் திரண்டு நின்றது.

“பொந்துக்குள்ளை குண்டு, ரீச்சர். கிட்டப் போகாதேங்கோ!” என்றார் சங்கக்கடை மனேச்சர்.

“மரத்தோடை கொளுத்துவம்,” என்று ஒருவர் வைக்கோலை இறக்கினார்.

சொன்னால் என் மானம் போகும். சொல்லாவிட்டால் மரம் போகும். கால்கள் மரத்தை நோக்கி நடந்தன. பின்னால் கூச்சல். மரத்தின் பெரிய நிழலுக்குள் என் சின்ன நிழல் கரைந்தது. பேணியைத் திறந்து கொப்பியை உயர்த்தினேன்.

“நான்தான் வைச்சனான். பிள்ளையளின்ரை விளையாட்டுக்கு.”

“உங்களுக்கு விளையாட எங்கடை உயிரோ கிடைச்சுது?” என்று கூட்டம் பாய்ந்தது.

வசவு ஓய நெடுநேரமானது. மனேச்சர் முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது குதிரையே? நாய் மாதிரிக் கிடக்கு. சரி, எனக்கும் ஒண்டு குத்துங்கோ,” என்று உள்ளங்கையை நீட்டினார். வைக்கோல்காரரும் நீட்டினார்.

பிழை முழுவதும் என்னுடையதே. ஆனாலும் அன்று மரத்தை நோக்கித் தனியே நடந்த அந்த இளம்பெண்ணை நினைத்தால், இந்த வயதிலும் என் முதுகு கொஞ்சம் நிமிர்கிறது.