ஒற்றை ஆள் பாரம்

என் அக்கா புருஷன் லிஃப்ட் ஓட்டுகிறவர். பதினொரு மாடிக் கட்டடம், இருபத்திரண்டு வருஷமாக ஒரே ஸ்டூல். ஏறுவார், இறங்குவார், அவ்வளவுதான். "மாமா, உங்களுக்கு ஒரு நாளைக்கு நூறு தடவை பதவி உயர்வு" என்று நான் கிண்டல் பண்ணுவேன். சிரிப்பார். கிண்டலுக்குச் சும்மா சிரிக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திருப்பி ஒரு வார்த்தை சொன்னால் வாயில் இருக்கும் முத்தா உதிர்ந்துவிடும்? கரண்ட் போய் லிஃப்ட் நடுவில் நின்றால் உள்ளே இருப்பவர்கள் எல்லாம் கத்துவார்களாம். இவர் மட்டும் "அஞ்சே நிமிஷம்" என்பாராம். ஒரு மணி நேரம் ஆனாலும் அஞ்சே நிமிஷம்தான்.

நான் நடத்துவது கார்களுக்கு அடிப்பாகம் பார்க்கிற பட்டறை. ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், அதைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ், இவைதான் எனக்குச் சோறு போடுகின்றன. இன்ஜின் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

மாமா வீட்டில் ஒரு பழைய செடான் உண்டு. அது அவர் அப்பாவுடையது. பெரியவர் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் டிரைவராக இருந்து, ஓய்வு பெற்ற அன்று தான் ஓட்டிய காரையே விலைக்கு வாங்கி வந்தவர். மகனை ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை. "நீ லிஃப்ட் ஓட்டு, போதும்" என்பார். பக்கவாதம் வந்து அவருடைய வலது கையும் காலும் விழுந்த பிறகுதான் சாவி மாமா கைக்கு வந்தது. பெரியவருக்குப் பேச்சும் போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல். "போ."

சாவி வந்ததே தவிர, அதனால் மாமாவுக்கு ஒரு சுகமும் வரவில்லை. பெரியவருக்குக் கட்டிலில் படுத்தால் தூக்கம் பிடிக்காது. நல்ல கையால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருப்பார். பின்சீட்டில் இடப்பக்கம் உட்காரவைத்து ஓட்டினால் மட்டும் கண் செருகும். அதனால் தினமும் சாயங்காலம் மாமா லிஃப்டை விட்டு இறங்கி, நேராகக் காரில் ஏறுவார். பள்ளிக்கூட மதில், தண்ணீர்த் தொட்டி, ரவுண்டானா, மார்க்கெட், மறுபடியும் பள்ளிக்கூட மதில். செக்குமாடு கூட ஞாயிற்றுக்கிழமை நிற்கும். சிக்னலில் கார் நின்றால் பின்னாலிருந்து "போ" என்று குரல் வரும். ஒரு மணி நேரம் சுற்றி, தூங்குகிறவரை அலுங்காமல் தூக்கி வந்து கட்டிலில் போட்டால் விடியும்வரை வீடு நிம்மதியாக இருக்கும். இரண்டு வருஷம் இப்படித்தான்.

ஒருநாள் மாமா பட்டறைக்கு வந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்காமல் நின்றார்.

"மச்சான், இந்த வண்டி வளைவுல சாயாம ஓடணும்னா என்ன பண்ணணும்?"

"ரவுண்டானாவுல சாஞ்சா யாரும் சாக மாட்டாங்க மாமா."

"ரவுண்டானாவுக்கு இல்ல. மலை ரோட்டுக்கு."

ஊரைத் தாண்டி ஒன்றரை மணி நேரத்தில் மலை. பதினான்கு கொண்டைஊசி வளைவுகள். கட்டடத்தின் ஆறாவது மாடிக்காரர்கள் ஞாயிறுதோறும் அங்கே கார் ஓட்டிக்கொண்டு போவார்களாம். திங்கட்கிழமை காலையில் லிஃப்டுக்குள் அதே பேச்சாம். எந்த வளைவில் எந்த கியர், எங்கே பிரேக்கைத் தொடக் கூடாது, எல்லாம். மாமா மாடி எண்களைப் பார்த்தபடி வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறார். பதினான்கும் அவருக்கு மனப்பாடம். ஒன்றைக் கூடப் பார்த்ததில்லை.

"ஒரே தடவை. தனியா. ஏறி இறங்கிட்டு வந்துடுவேன். உங்க அக்கா ஒரு ஞாயித்துக்கிழமை அப்பாவைப் பார்த்துக்கறேன்னு சொல்லிட்டா."

அதற்கு மேல் நான் கிண்டல் பண்ணவில்லை. நான்கு ஷாக்கும் செத்துப்போய் இருந்தன. ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினால் நாலு முறை குதித்து ஆடி அடங்கும் வண்டி அது. கெட்டியான ஷாக், கொஞ்சம் தாழ்வான ஸ்பிரிங், முன்னால் பருமனான சாய்வுத் தடுப்புக் கம்பி, எல்லாம் வரவழைத்து ஒரு செவ்வாய்க்கிழமை மாட்டினேன்.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை, சக்கரம் தொங்கும்போது முடுக்கக் கூடாது. முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து ஆறே மாதத்தில் கிழியும். வண்டியைப் பட்டறைக் குழியின் மேல் நாலு காலில் நிறுத்தி, அன்றாடம் அது எவ்வளவு பாரம் சுமக்குமோ அவ்வளவையும் ஏற்றிய பிறகு, அடியிலிருந்து முடுக்க வேண்டும். அந்தப் பாரத்தைத்தான் ரப்பர் தன் சொந்த நிலையாக எடுத்துக்கொள்ளும். அதனால் பின்சீட்டில் இடப்பக்கம் ஒரு மணல் மூட்டையைத் தூக்கி வைத்தேன்.

"இது என்ன?" என்றார் மாமா.

"உங்க அப்பா."

"இறக்கு."

"தினமும் அங்க உட்கார்றவர் அவர்தானே?"

"இறக்கு மச்சான். நான் மட்டும் உட்கார்றேன்."

அவர் அப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதே இல்லை. மூட்டையை இறக்கினேன். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். நான் குழிக்குள் இறங்கி ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கினேன். வேலை முடிந்து எட்டிப் பார்த்தால், ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, நிற்கிற வண்டியில், முன்கண்ணாடி வழியாக என் பட்டறைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் முடிந்துவிட்டது என்று சொல்லவில்லை. குழிக்குள்ளேயே நின்று, சும்மா ஸ்பேனரைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலையில் அக்கா போன் பண்ணினாள். "டேய், வண்டியை என்னடா பண்ணின? நேத்து மாமனார் கண்ணையே மூடலை."

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பெரியவரைத் தூங்கவைத்தது காரும் இல்லை, காற்றும் இல்லை. அந்தத் தேய்ந்துபோன ஷாக்கின் ஆட்டம். இப்போது வேகத்தடையில் ஒரே ஒரு 'தொம்', அதோடு வண்டி கல்லாக நின்றுவிடும். புதன், வியாழன், வெள்ளி என்று மாமா சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். கண்ணாடியில் பார்த்தபோதெல்லாம் பெரியவர் முழித்துக்கொண்டு, "போ, போ" என்று சொன்னாராம். வீட்டில் விடியவிடியக் கட்டில் சட்டம் தட்டும் சத்தம்.

சனிக்கிழமை மாமா வண்டியோடு வந்தார்.

"பழசையே போட்டுடு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை வருஷத்தில் செத்த ஷாக்கை எடுத்திருக்கிறேனே தவிர, ஒன்றையும் திரும்ப மாட்டியதில்லை. "நாளைக்கு ஞாயித்துக்கிழமை மாமா. போயிட்டு வாங்க. திங்கட்கிழமை மாத்திடறேன். ஒரு நாள்தானே?"

"நாலு நாளா அவர் தூங்கலை. உங்க அக்காவும் தூங்கலை. அஞ்சாவது நாளையும் அவ தலையில கட்டிட்டு நான் மலை ஏறவா?"

"கட்டுங்களேன். என்ன இப்போ?"

அவர் சிரித்தார். வழக்கமான அந்தச் சிரிப்பு. "மெதுவா ஆடற மாதிரி புதுசுல ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"அந்த ஆட்டம் புதுசுல வராது மாமா. தேய்ஞ்சாத்தான் வரும்."

"அப்ப பழசுதான்." சாவியை என்னிடம் நீட்டிக்கொண்டே, "வர வழியில ரவுண்டானாவை மூணு சுத்து சுத்தினேன். கொஞ்சம் வேகமாத்தான். சாயவே இல்ல மச்சான். நல்லா பண்ணியிருக்க" என்றார்.

நான் ஸ்பேனரை எடுத்தேன். குழிக்குள் இறங்கிவிட்டேன்.

பழைய ஷாக், பழைய ஸ்பிரிங், பழைய கம்பி. முடுக்குவதற்கு முன், நான் சொல்லாமலேயே மாமா மணல் மூட்டையைத் தூக்கி வந்து பின்சீட்டில் இடப்பக்கம் வைத்தார். சரியாமல் இருக்க ஒரு தலையணையை அண்டக் கொடுத்தார். பிறகு முன்னால் போய் உட்கார்ந்தார். நான் முடுக்கினேன்.

கழற்றிய புதுச் சாமான்கள் தரையில் பளபளவென்று கிடந்தன. மாமா குனிந்து ஒரு ஸ்பிரிங்கைத் துணியால் துடைத்தார்.

"இதை வித்துடாத. வைச்சிரு."

"சரி மாமா. எவ்வளவு நாளைக்கு?"

எத்தனையோ பேரிடம் கேட்கிற கேள்விதான். பட்டறையில் இடம் கிடையாது, அதனால் கேட்டேன். கேட்ட பிறகுதான் அது பெரியவரின் நாளை எண்ணுகிற கேள்வி என்று எனக்கே உறைத்தது. அவருக்கும் உறைத்துவிட்டது. துடைத்த கை அப்படியே நின்றது. பின்சீட்டு மூட்டையை ஒருமுறை பார்த்தார். ஸ்பிரிங்கைக் கீழே வைத்தார்.

"வித்துடு" என்றார்.

வண்டி என் பட்டறை வாசல் மேட்டில் இறங்கி, நாலு முறை ஆடி, தெருவில் திரும்பியது.

அடுத்த வாரம் விற்றுவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். பொய். எல்லாவற்றையும் எண்ணெய்த் துணியில் சுற்றி மேல்தட்டில் வைத்திருக்கிறேன். மாமா மனதில் இருக்கக் கூடாது என்று இறக்கிவைத்துவிட்டுப் போனது இப்போது என்னிடம் இருக்கிறது. அக்காவின் பெயர் போனில் வந்தால், எடுப்பதற்கு முன் என் கண் முதலில் அந்தத் தட்டுக்குத்தான் போகிறது.